மாப்பிள்ளை வண்டியின் டயர்

போட்டோவில் இருக்கும் கார் நிஜமா பொம்மையா என்று தெரிய வேண்டுமா? டயரைப் பாருங்கள். மற்றதெல்லாம் அப்புறம். நிஜக் கார் தன் பாரத்தைத் தானே சுமந்துகொண்டு நிற்கிறது. தரையில் படுகிற இடத்தில் டயர் கொஞ்சம் பிதுங்கி, தொப்பை போட்டிருக்கும். பொம்மைக்குப் பாரமே கிடையாது. அதன் டயர் சுற்றிலும் வளையல் மாதிரி வட்டமாக இருக்கும். டயரைப் பார்த்துவிட்டு மணலைப் பாருங்கள். நிஜக் காருக்குப் பக்கத்தில் மணல் வெறும் தரையாகத் தெரியும், பொம்மைக்குப் பக்கத்தில் ஒவ்வொரு மணல் துகளும் தனித்தனியாகத் தெரியும். பொம்மை என்றால் முன்பக்கம் பளிச்சென்று விழுந்திருக்கும், பின்பக்கம் பனி மூடினாற்போல மங்கியிருக்கும்.

யாராவது போட்டோவை நீட்டினால் இப்போதும் என் கண் அங்கேதான் போகிறது. இது எனக்குப் பொழுதுபோக்கு இல்லை. நான் இதைச் சொன்னபோது ஒருவரும் காதில் வாங்காததால் என் வாழ்க்கை வேறு பக்கம் திரும்பியது. இத்தனை வயதுக்குப் பிறகும் நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது. வயதானால் கோபம் ஆறிவிடும் என்று சொல்கிறவர்களுக்கு உண்மையான கோபம் வந்ததே இல்லை போலிருக்கிறது.

நாங்கள் ராயபுரத்தில் கோயிலுக்குப் பின்புறச் சந்தில் குடியிருந்தோம். கோயில் என்று நான் சொல்வது எங்கள் கத்தோலிக்கக் கோயிலை. நைனா துறைமுகத்தில் மேஸ்திரி. கப்பலின் அடித்தளத்தில் நின்றுகொண்டு, சீமையிலிருந்து வரும் கார்களுக்குக் கயிறும் வலையும் மாட்டி கிரேனுக்கு அனுப்புகிற கூட்டம் அவருடையது. சுதந்திரம் வந்து கொஞ்ச வருஷம் ஆகியிருந்தது. எண்ணூர்ப் பக்கம் கார் பூட்டுகிற கம்பெனி வந்து, பாதிக் கார்கள் பெட்டிக்குள் துண்டு துண்டாக வர ஆரம்பித்திருந்தன. மீதி முழுசாகவே வந்தன. எப்படி வந்தாலும் நைனாவின் கை படாமல் மேலே போகாது.

அதனால் எங்கள் தெருவில் கார் விஷயத்தில் அவர் சொன்னது சொன்னதுதான். தெரு முனையில் ஏதாவது கார் வந்து நின்றால் அவருக்கு ஆள் அனுப்புவார்கள். அவர் போய் இடுப்பில் கை வைத்துக்கொண்டு ஒரு சுற்று சுற்றி, இது எந்த தேசத்து வண்டி, எந்த மாதிரிக் கப்பலில் வந்திருக்கும், அச்சு எப்படி, அடித்தகடு எப்படி என்று சொல்லுவார். கூட்டம் வாயைப் பிளந்து கேட்கும். அவர் ஒரு காரில் ஏறி உட்கார்ந்து நாலு தெரு போனதில்லை என்பது யாருக்கும் உறைக்கவில்லை. அவர் பார்த்த கார்களெல்லாம் கப்பலுக்குள் கட்டிப் போட்டவை, இல்லாவிட்டால் தலைக்கு மேலே கயிற்றில் போனவை. காரின் அடிவயிறு அவருக்கு அத்துப்படி. அது கீழே இறங்கி, மண்ணில் கால் வைத்து நிற்கும்போது எப்படி இருக்கும் என்பதைப் பார்க்க அவருக்கு வேலை இல்லை. அந்த வேலை மேலே கரையில் நிற்கிற வேறு கூட்டத்துக்கு.

எனக்கு அப்போது கல்யாண வயது. எட்டாவது முடித்திருந்தேன். கான்வென்ட் சிஸ்டர் ஒருவர் ஆஸ்பத்திரியில் பேசி எனக்கு நர்ஸ் பயிற்சிக்கு இடம் சொல்லி வைத்திருந்தார். நைனா முதலில் முரண்டு பிடித்தார். பிறகு ஒரு நாள் சோற்றைப் பிசைந்துகொண்டே, "சரி, போய்த் தொல" என்றார். எங்கள் வீட்டில் அதுதான் ஆசீர்வாதம். அம்மா யூனிபாரத்துக்கு வெள்ளைத் துணி எடுத்து வந்து பெட்டியில் வைத்தாள். நான் தினமும் அதை எடுத்து மடித்து மடித்து வைப்பேன். வாழ்க்கையில் எதற்கும் அப்படி ஆசைப்பட்டதில்லை, அதற்குப் பிறகும் ஆசைப்பட்டதில்லை.

அந்தச் சமயம் பார்த்து பம்பாயிலிருந்து ஓர் அம்மாள் வந்தார். பூர்வீகம் எங்கள் ராயபுரம்தான், பிழைப்புக்காக பம்பாய் போன குடும்பம். பையன் அங்கே ஒரு போட்டோ ஸ்டுடியோவில் வேலை செய்வதாகச் சொன்னார். கையில் ஒரு பழுப்புக் கவர். பையனின் படத்தைக் காட்ட அதைச் சாய்த்தபோது கூடவே இன்னொரு படமும் நழுவிப் பாயில் விழுந்தது. அதில் மனிதர் யாரும் இல்லை. கடற்கரை மணலில் ஒரு கார் மட்டும் நின்றது. நீண்ட மூக்கு, உருண்டை விளக்கு, பக்கவாட்டில் வளைந்த மட்கார்டு. பின்னால் கடல்.

நைனா பையனின் படத்தை அம்மாவிடம் தள்ளிவிட்டு அதை எடுத்தார். வெளிச்சத்தில் பிடித்தார். அவர் முகம் மாறியதை நான் சமையல் மூலையிலிருந்து பார்த்தேன்.

"சீமை வண்டி," என்றார். "இப்பதான் கப்பல்லேந்து எறங்கிகீது. புத்தம்புது சரக்கு. மாப்ளை வண்டியா?"

அந்த அம்மாள் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. காபி டம்ளரை எடுத்து ஊதிக் குடித்துக்கொண்டே சிரித்தார். நைனாவுக்கு அது போதும். காபி ஆறுவதற்குள் அவர் படத்தோடு தெருவுக்குப் போய்விட்டார். எதிர்வீட்டு மீன்காரம்மாவுக்குக் காட்டினார். அவள் கூடையை இறக்கி வைத்து, கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு பார்த்தாளாம். எங்கள் தெருவுக்குத் தண்டோராவே வேண்டாம், அவள் ஒருத்தி போதும். அன்று பொழுது சாய்வதற்குள் காசிமேடு வரைக்கும் செய்தி போய்விட்டது. மேஸ்திரி பெண்ணுக்குக் கார் மாப்பிள்ளை.

அன்றைக்கே நர்ஸ் படிப்பு நின்றது. "கார் வெச்சிகீறவன் பொண்டாட்டி பெட்பேன் தூக்குவாளா? நாலு பேர் சிரிப்பான்," என்றார் நைனா. நான் என்ன சொன்னாலும் கார், கார், கார். பையன் நல்லவனா, குடிப்பானா, என்னென்ன படித்திருக்கிறான், ஒன்றும் கேட்கவில்லை. கேட்க வேண்டியதற்கெல்லாம் அந்தக் கார் பதில் சொல்லிவிட்டதாக அவருக்கு எண்ணம்.

மறுநாள் நைனா வேலைக்குப் போனபிறகு படத்தை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். நான் கார் நிபுணி இல்லை. ஆனால் ஆஸ்பத்திரிக்குச் சிஸ்டரோடு போகும்போதெல்லாம் வாசலில் டாக்டரம்மாவின் கார் நிற்கும். சிஸ்டர் உள்ளே பேசி முடிக்கிறவரை எனக்கு வேலை அதைப் பார்த்துக்கொண்டு நிற்பதுதான். அதன் டயர் மண்ணில் படும் இடத்தில் சப்பையாகப் பிதுங்கியிருக்கும். மெலிந்த டாக்டரம்மா ஏறினால்கூட இன்னும் கொஞ்சம் அமுங்கும். இந்தப் படத்தில் டயர் கோலப்பொட்டு மாதிரி வட்டமாக இருந்தது. மணலில் பதியவே இல்லை. மணலும் ஒரு மாதிரியாக இருந்தது. நாங்கள் மணலிலேயே பிறந்து வளர்ந்தவர்கள். கடற்கரையில் எடுத்த எத்தனையோ படம் பார்த்திருக்கிறேன், எதிலும் மணல் இப்படிக் குருணை குருணையாகத் தெரிந்ததில்லை. அப்புறம்தான் எனக்கு உறைத்தது. கார் சின்னது. கை அகலம்தான் இருக்கும். பொம்மை.

எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. பொம்மை என்று நிரூபித்துவிட்டால் கார் இல்லை. கார் இல்லையென்றால் நைனாவுக்கு இந்த மாப்பிள்ளையும் இல்லை, என் வெள்ளைத் துணி எனக்கு. அவர் வந்து குளித்துச் சாப்பிடும்வரை பொறுத்திருந்து படத்தை முன்னால் வைத்தேன்.

"நைனா, இந்த டயரைப் பாரேன். ரவுண்டா கீது. பொம்மை இது."

அவர் சிரித்தார். கோபப்பட்டிருந்தால்கூட எனக்கு இவ்வளவு வலித்திருக்காது.

"கப்பல்ல அனுப்பறப்போ காத்து ஜாஸ்தி அடிச்சி அனுப்புவான்மே. ஸ்பிரிங்குக்கு அடியில கட்டை குடுத்திருப்பான். டயரு கல்லு மாதிரி நிக்கும். தெனம் பாக்கறேன், எனக்கே சொல்ற."

"வைப்பர் இல்லியே?"

"கயட்டி டிக்கில வெச்சி அனுப்புவான். இல்லாங்காட்டி வழியில திருட்டுப் போவும்."

"நம்பர்கூட இல்ல."

"எறங்கினவொடனே நம்பர் ஏது? பொறக்கறதுக்கு மின்னியே ஞானஸ்நானம் குடுப்பானா?"

கண்ணாடிக்குள் ஸ்டீரிங் தெரியவில்லையே என்றேன். உப்புக்காற்று படாமல் இருக்க உள்பக்கம் காகிதம் ஒட்டியிருப்பான் என்றார். ஒவ்வொன்றுக்கும் அவரிடம் பதில் இருந்தது, ஒவ்வொரு பதிலும் உண்மையாகவும் இருந்தது. அதுதான் கொடுமை. கப்பலிலிருந்து இறங்கும் கார் அப்படித்தான் இருக்குமாம். வேறு எந்த ஊரிலாவது, வேறு எந்த வேலையிலாவது இருக்கிற அப்பன் என்றால் அந்தப் படத்தைப் பார்த்துக் கொஞ்சமாவது யோசித்திருப்பான். என் நைனாவுக்கோ பொம்மையின் குறைகளெல்லாம் புது வண்டியின் அடையாளமாகவே தெரிந்தன. கடைசியாக மணலைக் காட்டினேன். கொஞ்சம் உற்றுப் பார்த்தார்.

"அது பம்பாய் மணலு. அந்த ஊர்ல அப்பிடித்தான் கீது," என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார். பம்பாய் எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூட அவருக்குத் தெரியாது.

அம்மாவிடம் சொன்னேன். "உங்க நைனாவுக்குத் தெரியாததா?" என்றாள். அவள் வாழ்க்கை முழுதும் சொன்ன ஒரே வாக்கியம் அதுதான் என்று எனக்குச் சில நேரம் தோன்றும்.

கோயிலில் ஓலை வாசிக்க ஆரம்பித்தார்கள். எங்கள் ஆட்களுக்குத் தெரியும், தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். கல்யாணத்துக்கு முன்னால் ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் மூன்று வாரம் பங்குச் சாமியார் பெண்ணின் பேரையும் மாப்பிள்ளையின் பேரையும் சொல்லி, இன்னாருடைய மகளுக்கும் இன்னாருடைய மகனுக்கும் திருமணம் நிச்சயமாகியிருக்கிறது, தடை ஏதாவது தெரிந்தவர்கள் வந்து சொல்ல வேண்டும் என்று அறிவிப்பார். அதற்கு ஓலை என்று பெயர். முதல் ஓலையும் இரண்டாம் ஓலையும் போனபிறகு கல்யாணம் நின்றுபோனால் அந்தப் பெண்ணுக்கு ஆயுசுக்கும் ஒரு பட்டப்பெயர் ஒட்டிக்கொள்ளும். ஓலை நின்ற பெண். அவளிடம் ஏதோ கோளாறு என்றுதான் ஊர் பேசும். பையனைப் பற்றி ஒரு வார்த்தை வராது.

இரண்டாம் ஓலை முடிந்த அன்று நானே சாமியாரைப் பார்க்கப் போனேன். தடை தெரிந்தால் சொல்லச் சொன்னாரே, எனக்குத் தெரியும், சொல்கிறேன் என்று போனேன்.

"பையனுக்கு முன்னமே கல்யாணம் ஆயிருக்கா?" என்றார்.

"இல்ல சாமி."

"முறையில்லாத சொந்தமா? ஞானஸ்நானம் வாங்காதவனா?"

"அதெல்லாம் இல்ல சாமி. அவங்க வண்டி பொம்மை வண்டி."

சாமியார் என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு கண்ணில் நீர் வரச் சிரித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "பொம்மை வண்டியெல்லாம் திருச்சபைச் சட்டத்தில் தடை இல்லை மகளே. போய் ஜெபமாலை சொல்லு," என்றார். நல்ல மனுஷர்தான். ஆனால் அந்தச் சிரிப்பை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

நான் மன்னிக்கப் போவதில்லை என்று இங்கேயே எழுதிவைக்கிறேன்.

அந்த வாரம் சனிக்கிழமை நைனா படத்தைச் சட்டைப் பையில் வைத்துத் துறைமுகத்துக்கு எடுத்துப் போனார். அவருடைய தோஸ்து ஒருவர், கொருக்குப்பேட்டைக்காரர், கரையில் கிரேன் ஓட்டுகிறவர். ஊருக்குப் போய்விட்டு அன்றைக்குத்தான் வேலைக்குத் திரும்பியிருந்தார். அவர் ஒருவர்தான் படத்தைப் பார்க்காமல் பாக்கி. காட்டிவிட்டு வருகிறேன் என்று விசில் அடித்துக்கொண்டே போனார்.

திரும்பி வந்தபோது விசில் இல்லை. படத்தை எடுத்து, இயேசுவின் திருஇருதயப் படத்துக்குக் கீழே இருந்த பலகையில் குப்புறக் கவிழ்த்து வைத்தார். வஞ்சிரம் வறுத்து வைத்திருந்தாள் அம்மா. தொடவில்லை. "இன்னா நைனா?" என்று கேட்டேன். "ஒண்ணியும் இல்ல," என்று கையைக் கழுவிவிட்டார்.

எனக்குப் புரிந்துவிட்டது என்று நினைத்தேன். கிரேன்காரர் சொல்லியிருப்பார். கார் கரையில் இறங்குவதைத் தினமும் மேலேயிருந்து பார்க்கிறவர், அந்த டயர் தரையைத் தொட்டதும் பிதுங்குவதை அவரல்லவா பார்த்திருப்பார். நாளை மூன்றாம் ஓலைக்கு முன்னால் நைனா சாமியாரிடம் போய்விடுவார். ஊர் சிரிக்கும். சிரிக்கட்டும், ஓலை நின்ற பெண் என்று சொல்லட்டும், ஆஸ்பத்திரியில் அதையா கேட்கப்போகிறார்கள் என்று நினைத்தேன். பெட்டியைத் திறந்து வெள்ளைத் துணியைப் பார்த்தேன். ஒரு மூலையில் கறை மாதிரி ஏதோ இருந்தது. சோப்புப் போட்டுக் கசக்கி, கொடியில் போட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நைனா சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டை போட்டுக்கொண்டார். கோயிலில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். அவர் எப்போதும் இல்லாத வழக்கமாக முன்வரிசையில் போய் உட்கார்ந்தார். பின்னாலிருந்து எனக்கு அவருடைய பிடரி மட்டும் தெரிந்தது. சவரக் கத்தி பட்டு ஓரத்தில் சிவந்திருந்தது. சாமியார் ஓலையை வாசித்தார். தடை ஏதாவது தெரிந்தவர்கள், என்று சொல்லி நிறுத்தினார். நான் அந்தப் பிடரியையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது அசையும் அசையும் என்று பார்த்தேன். நைனா ஒருமுறை தொண்டையைக் கனைத்தார். அவ்வளவுதான். சாமியார் அடுத்த அறிவிப்புக்குப் போய்விட்டார்.

சரி, கிரேன்காரரும் நைனாவைப் போலத்தான் சொல்லியிருக்கிறார், நான்தான் தப்பாக நினைத்துவிட்டேன் என்று எண்ணிக்கொண்டேன். நேற்றுச் சாப்பிடாதது ஏதோ வயிற்றுக் கோளாறு என்று விட்டுவிட்டேன். நானே என்னைச் சந்தேகப்பட ஆரம்பித்துவிட்டேன். உண்மையில் பம்பாய் மணல் அப்படித்தானோ?

கல்யாணம் நடந்தது. தெருவே வந்து சாப்பிட்டது. அம்மா வெள்ளைத் துணியில் தலையணை உறை தைத்துக் கொடுத்தாள், மூலையில் நீல நூலில் பூப்போட்டு.

பம்பாயில் ஒரே அறை. நாலு மாடிக் கட்டடம், வரிசையாக அறைகள், கடைசியில் பொதுக் குழாய். போன அன்றே பார்த்தேன். சுவரில் அடித்த பலகையில், சீப்புக்கும் பவுடர் டப்பாவுக்கும் நடுவில் அது நின்றது. நீண்ட மூக்கு, உருண்டை விளக்கு, வளைந்த மட்கார்டு. என் உள்ளங்கையில் சரியாக உட்கார்ந்தது. ஈயத்தில் வார்த்து, ரப்பர் டயர் மாட்டியது. என்னை இந்த ஊருக்கு இழுத்து வந்த வண்டி.

என் புருஷன் கெட்டவர் இல்லை. அதைச் சொல்லிவிட வேண்டும். ஸ்டுடியோவில் உதவியாளர். குழந்தைகளுக்குப் படம் எடுக்கும்போது கையில் கொடுக்க வாங்கின பொம்மையாம் அது. அதை மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் நிறுத்தி, தீ அணைக்க வைத்திருந்த வாளி மணலைக் கொட்டிப் பரப்பி, பின்னால் கடல் எழுதிய படுதாவைக் கட்டி, காமிராவை அந்த மணல் மட்டத்துக்கு இறக்கி வைத்து, நிஜம் போல எடுத்துப் பார்த்திருக்கிறார். கார் இருக்கிறது என்று அவர் யாரிடமும் சொன்னதில்லை. மாமியாரைக் கேட்டேன். "உங்கப்பாதான் சொன்னாரு. பெரிய மனுஷன் சொல்றாரு, நான் எதுக்கு இல்லன்னு சொல்லணும்?" என்றார்.

புருஷனுக்கோ ஒரே பெருமை. "ஹார்பர்ல கார் எறக்குறவரே நம்பிட்டாராமே!" என்று ஸ்டுடியோவில் எல்லாரிடமும் சொல்லியிருக்கிறார்.

"நான் நம்பல. டயரைப் பார்த்ததுமே தெரிஞ்சுது," என்றேன்.

அவர் முகம் வாடிவிட்டது. ஆனால் சண்டைக்கு வரவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, டயரில் என்ன, வேறு எதில் என்ன என்று கேட்டார். டாக்டரம்மா காரின் டயரைச் சொன்னேன். மணலைச் சொன்னேன். அடுத்த வாரம் அரம் வாங்கி வந்து, நாலு டயரின் அடியையும் தேய்த்துச் சப்பையாக்கினார். மணலுக்குப் பதில் சலித்த மாவு மாதிரி மண்பொடி கொண்டுவந்து தூவினார். இரண்டாவது படத்தை முதலில் பார்த்திருந்தால் நானே ஏமாந்திருப்பேன். நான் சொன்னதைக் கேட்டு நடந்த முதல் ஆண்பிள்ளை அவர். அதுவும் ஒரு பொம்மைக்காக. அன்றைக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் குழாயடியில் போய் நின்றுகொண்டேன்.

தலைப்பிரசவத்துக்கு ராயபுரம் வந்தேன். புருஷனைக் கேட்டு, அந்தப் பொம்மையை என் பெட்டியில் போட்டு எடுத்து வந்தேன். எதற்கு என்று கேட்டார். பிள்ளைக்கு என்றேன். பொய். நைனாவின் கையில் வைக்க வேண்டும், அவர் முகத்தைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான் என் ஆசை.

வாசலில் நுழைந்ததும் எதிர்ச்சுவரில் கண்ணாடி போட்டு மாட்டியிருந்தது அந்தப் படம். திருஇருதயப் படத்துக்குப் பக்கத்தில், அதே அளவு சட்டத்தில். அதற்கும் காகிதப் பூமாலை. வருகிறவர் போகிறவரிடமெல்லாம் மாப்பிள்ளை வண்டி என்று காட்டுவதாக அம்மா பெருமையாகச் சொன்னாள்.

நைனா ஷிப்டு முடிந்து வந்தார். வெயில் இன்னும் வாசலில் இருந்தது. நான் பொம்மையை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தேன்.

அவர் அதைத் திருப்பி அடியைப் பார்த்தார். காரை எப்போதும் அடியிலிருந்துதானே பார்ப்பார். பிறகு டயரைக் கட்டைவிரலால் தடவினார்.

"அரம் வெச்சித் தேச்சிகீறான்," என்றார். "அப்போ இப்பிடி இல்லியே. ரவுண்டாத்தானே இருந்திச்சி."

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே தெரிந்தது. நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"உனக்குத் தெரியும்," என்றேன்.

அவர் டயரிலிருந்து விரலை எடுத்தார்.

"அந்தச் சனிக்கெயம தெரியும். கிரேன் மாமா சொல்லிட்டாரு. அப்பிடித்தானே?"

நைனா பொம்மையைப் பாயின் மேல் வைத்தார். "நீ தூக்கறதப் பாக்கற, நான் வைக்கிறதப் பாக்கறேன், எந்த வண்டியா இருந்தாலும் கீய வெச்சா டயரு பிதுங்கும், இது பொம்மைப்பா, அப்பிடின்னான்," என்றார். "ரெண்டு ஓலை போய்டிச்சேம்மா. மூணாவதுல நிறுத்தினா ஓலை நின்ன பொண்ணுன்னு பேராய்டும். உன் பேரு இன்னாத்துக்கு ஆவும்?"

"என் பேரா, உன் பேரா நைனா?" என்றேன்.

அம்மா உள்ளேயிருந்து, புள்ளைத்தாச்சி சத்தம் போடாதே என்றாள். நான் சத்தம் போடவே இல்லை. நைனா தலையைக் குனிந்து தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார், கயிறு இழுத்துத் தழும்பேறிய கை. ஒரு நிமிஷம் எனக்கு மனசு இளகிவிட்டது. ஒப்புக்கொண்டாரே, போதும், போகட்டும் என்றுகூட நினைத்தேன். இனி அந்தப் படத்தையாவது கழற்றிவிடுவார் என்று நினைத்தேன்.

அப்போது எதிர்வீட்டு மீன்காரம்மா என்னைப் பார்க்க வந்தாள். வயிற்றைத் தடவி, கன்னத்தைக் கிள்ளி, பாயில் உட்கார்ந்தவள் பொம்மையைக் கண்டாள். எடுத்தாள். சுவரில் இருந்த படத்தைப் பார்த்தாள், கையில் இருந்ததைப் பார்த்தாள்.

"இன்னா மேஸ்திரி, மாப்ளை வண்டி மாதிரியே கீதே! பேரப்புள்ளைக்குன்னு செஞ்சி அனுப்பிச்சாரா?"

"ஆயா, இதான் அந்த வண்டி. வேற வண்டியே இல்ல," என்றேன் நான்.

அவள் திகைத்து நைனாவைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். நைனா தலையை நிமிர்த்தினார்.

"புள்ளைத்தாச்சிப் பொண்ணு, வெளயாடுது," என்றார். "வண்டி பம்பாய்ல கீது. இது அந்த வண்டியப் பாத்து செஞ்சது."

மூன்றாம் ஓலையன்று எனக்கு அவருடைய பிடரி மட்டும்தான் தெரிந்தது. முகம் எப்படி இருந்திருக்கும், கொஞ்சமாவது தவித்திருக்காதா என்று பம்பாயில் எத்தனையோ நாள் யோசித்திருக்கிறேன். அன்று நேருக்கு நேராகப் பார்த்துவிட்டேன். அந்த முகம் நிம்மதியாக இருந்தது.